சிந்து நதி: பாடப்புத்தகத்திற்கு அப்பால்

தமிழ்ப்பள்ளியில் ‘சிந்து’ என்று படித்த நதி, இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ‘இண்டஸ்’ ஆனது. அதற்குப் பெயர் மாறுவது புதிதன்று. பாரசீகர் ‘ஹிந்து’ என்றனர். கிரேக்கர் ‘இந்தோஸ்’ என்றனர். ‘இந்தியா’ என்ற பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

திபெத்தில் கயிலை மலையருகே தோன்றி, லடாக் வழியே பாகிஸ்தானை அடைந்து, சுமார் 3,180 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. மொகஞ்சதாரோ எழுந்ததும் இதன் கரையில்தான்.

1947இல் நாடு பிரிந்தபோது நீரும் வழக்கானது. 1960ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் என்றானது. போர்களின்போதும் நிலைத்த அவ்வொப்பந்தத்தை, பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது.

நண்பர்களே, நாம் தேர்வுக்காக மனனம் செய்த ஆறு, கோடிக்கணக்கான மக்களுக்கு இன்றும் வயல்நீர், குடிநீர்.