பழைய ரூட்டரைத் தூக்கிப் போடாதீங்க!

மாடி அறையில் வைஃபை எட்டாமல் வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் பாதியிலேயே நின்றுபோகிறதா? அலமாரியில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். முதலில் அதை மட்டும் தனியாக ஆன் செய்து, போனில் அதன் செட்டிங்ஸைத் திறங்க. ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதையே தேர்ந்தெடுங்க, வேலை சுலபம். இல்லையென்றால், கீழ்வீட்டு ரூட்டரின் முகவரி 192.168.1.1 எனில், இதற்கு 192.168.1.2 மாதிரி யாரும் பயன்படுத்தாத எண்ணைக் கொடுங்க.

அடுத்து டி.எச்.சி.பி.யை ஆஃப் செய்யணும். பலர் மறப்பது இதைத்தான். வீட்டுக் கருவிகளுக்கு எண் வழங்கும் வேலை அது. இரண்டு ரூட்டரும் வழங்கினால் குழப்பம்தான்: சிக்னல் முழுசா காட்டும், நெட் வராது!

பாஸ்வேர்டுக்கு டபிள்யூ.பி.ஏ.2 வையுங்க, ஆதார் எண்ணெல்லாம் போகிற வழியாச்சே. அந்த வசதியே இல்லாத ரூட்டரா? விட்டுடுங்க. கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை இதன் ‘லேன்’ துளையில் சொருகுங்க, ‘வேன்’ துளையில் வேண்டாம்.