மழை விடும்வரை காயத்தை மூடியே வையுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தெருவில் தேங்கிய தண்ணீர், வயலில் சம்பா நடவுச் சேறு என்று எங்கே போனாலும் கால் நனைகிறது. "சின்னச் சிராய்ப்புதானே, காத்துப் பட்டா ஆறிடும்" என்று காயத்தைத் திறந்தபடி விடும் பழக்கத்தை இந்த மூன்று மாதமாவது கைவிட வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் நுழைய ஒரு பித்தவெடிப்பே போதும்.

காற்றுப் பட்டால் சீக்கிரம் ஆறும் என்பதே சரியல்ல. ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் விண்டர் 1962-இல் பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய காயங்களில் சிலவற்றை பாலிதீன் படலத்தால் மூடினார். சிலவற்றைத் திறந்தே விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. திறந்த காயத்தில் பொருக்குத் தட்டிவிடுவதால் புதிய செல்கள் அதற்கடியில் வழி தேடி ஊர வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் உள்ள பரப்பில் அவை தடையின்றி நகர்கின்றன.

"கட்டுப் போட்டால் உள்ளே சீழ் பிடிக்கிறதே" என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் பெரும்பாலும் குற்றம் கட்டின் மேல் இல்லை. கழுவாமல் கட்டியதிலும், நனைந்த கட்டை மாற்றாமல் விட்டதிலும்தான். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பெருகும். நின்றதும் குடிக்கத் தகுந்த தண்ணீரை ஊற்றி, மண் துகள் போகும்வரை கழுவி, சுற்றியுள்ள தோலைச் சோப்பால் சுத்தம் செய்யுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். மஞ்சளின் குணத்தை நான் மறுக்கவில்லை. அடுப்படி டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கியதல்ல என்பதே காரணம். மெல்லிதாக வாசலின் தடவி, காயத்தைவிடப் பெரிய காஸ் துணியை வைத்துக் கட்டுங்கள். கட்டிய பிறகு அந்தக் கை அல்லது காலின் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் சிவப்பாகத் திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம், தளர்த்த வேண்டும். தினம் ஒரு முறை மாற்றுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள்.

சேற்றில் இறங்கித்தான் பிழைப்பு என்பவரிடம் கட்டை நனைக்காதே என்று சொல்வது எளிது. முடிந்தால் பூட்ஸ், இல்லையென்றால் கட்டின்மேல் பிளாஸ்டிக் உறை. இரண்டும் ஓரளவுதான் காக்கும் என்பதால், கரையேறியதும் கழுவிக் கட்டு மாற்றுவதே முக்கியம். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வலி இல்லை என்பதை நம்பாமல் தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

கட்டு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. ஆணி குத்திய ஆழமான காயத்தையும் நாய்க்கடியையும் வீட்டில் இறுக்கிக் கட்டக் கூடாது; நாய்க்கடியைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். மண் பட்ட காயத்தில் ரணஜன்னி அபாயம் உண்டு; கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேலாகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தண்ணீரில் நடந்த சில நாளிலோ வாரங்களிலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; வெள்ளத்தில் இறங்கியதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.