வேண்டாத வில்லைகள் தரும் பாடம்

மாணவர்களே! உங்களில் பலருக்கு நாணயம் சேர்க்கும் பழக்கம் இருக்கும். பழைய நாணயங்களை மொத்தமாக வாங்கும்போது, வங்கியிலும் உணவு விடுதியிலும் வழங்கிய டோக்கன் வில்லைகளும் சில கலந்து வருவதுண்டு. "இவை நாணயம் அல்லவே!" என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். நல்ல நாணயத்தில் செய்து பார்க்கக் கூடாத சோதனைகளை இவற்றில் செய்து பார்க்கலாம்.

முதலில், வில்லை எந்த உலோகம் என்று கண்டறிவோம். காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். மஞ்சளாக இருந்தும் காந்தத்தில் ஒட்டினால், அது பெரும்பாலும் பித்தளை முலாம் பூசிய இரும்பாகவே இருக்கும்.

ஒட்டாவிட்டால் அடர்த்தியைக் காண வேண்டும். ஒரே ஒரு வில்லையை நீரில் இட்டால் நீர்மட்டம் உயர்வது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே, ஒரே வகையான பத்து வில்லைகளை எடுத்துப் பௌதிகத் தராசில் நிறுங்கள். எடை 68 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அளவுஜாடியில் 50 கன சென்டிமீட்டர் நீர் ஊற்றி, வில்லைகளை மெதுவாக உள்ளே விடுங்கள். நீர்மட்டம் 58-க்கு உயர்ந்தால், வில்லைகளின் பருமன் 8 கன சென்டிமீட்டர். 68-ஐ 8-ஆல் வகுத்தால் 8.5. இது பித்தளையின் அடர்த்தி! அலுமினியத்துக்கு 2.7, துத்தநாகத்துக்கு 7.1, ஈயத்துக்கு 11.3 வரும்.

அடுத்த சோதனை மிக முக்கியமானது. கறுத்துப்போன பித்தளை வில்லைகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதைப் புளிக் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். மூன்றாவதைப் புளியும் சாம்பலும் சேர்த்து நன்றாகத் தேயுங்கள். பின்னவை இரண்டும் பளபளக்கும். பித்தளையில் உள்ள செம்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடிக் கரிய ஆக்ஸைடாகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. வீட்டில் பித்தளைக் குடம் துலக்குவதும் இவ்வாறுதான்.

இப்போது கைலென்ஸால் மூன்றாவது வில்லையைப் பாருங்கள். எத்தனை கீறல்கள்! சில வாரங்களில் இரண்டும் மீண்டும் கறுக்கத் தொடங்கும். மறுபடி துலக்கினால் மேலும் சிறிது உலோகம் போகும். கரிய படலம் வெறும் அழுக்கன்று. அதில் நாணயத்தின் உலோகமும் அடங்கியிருக்கிறது. துலக்கிய பழங்காசுக்கு மதிப்புக் குறைவது இதனால்தான். இந்தப் பாடத்தை அரிய காசு ஒன்றைக் கெடுத்துக் கற்பதைவிட, வேண்டாத வில்லையில் கற்பது நல்லதல்லவா?

ஆனால், ஒவ்வொரு வகையிலும் ஒரு வில்லையைத் தொடாமல் பாதுகாத்து வையுங்கள். பிரிட்டனில் சில்லறைத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், 1787-இல் பாரிஸ் சுரங்கக் கம்பெனி செப்பு வில்லைகளை வெளியிட்டது. மற்றவர்களும் தொடர்ந்தனர். ஜேம்ஸ் காண்டர் என்பவர் 1798-இல் அவ்வில்லைகளுக்கு ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். அன்று சில்லறையாகப் புழங்கிய அவற்றை இன்று விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

உங்கள் வில்லை எந்த ஊரில், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதி அதனுடன் வையுங்கள். நாளை அதுவும் வரலாறாகும்.