விலகல் முறைச் சுற்றுப்போட்டியும் விளையாட்டு விழுமியங்களும்

மாணவர்களே, விலகல் முறை பற்றிய வினாவுக்குப் பலர் சூத்திரத்தை மட்டும் மனனம் செய்து விடை எழுதுகின்றனர். வினாவைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறுகின்றனர். எனவே ஓர் உண்மையான சுற்றுப்போட்டியைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

1. அறிமுகம்

ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரி என்பது பாடசாலையன்று, பட்டப்படிப்பு நிறுவனமாகும். அங்கு மாணவர் தொகை குறைந்த சிறிய கல்லூரிகளுக்கும் தேசியப் போட்டி வேண்டும் என்ற நோக்குடன், 1937 இல் கான்சஸ் நகரில் ஆண்களுக்கான கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஆரம்பிக்கப்பட்டது. எமில் லிஸ்டனும், 1891 இல் இவ்விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும், வேறு சிலரும் இதற்கு முன்னின்று உழைத்தனர். 1952 முதல் இதனை நடத்தும் சங்கம் என்.ஏ.ஐ.ஏ. என அழைக்கப்படுகின்றது.

2. போட்டிகளின் எண்ணிக்கை

முதலாம் ஆண்டில் 8 அணிகளும் 1938 இல் 32 அணிகளும் பங்குபற்றின. விலகல் முறையில் ஒரு போட்டியில் ஓர் அணி மட்டுமே தோற்று வெளியேறும். 32 அணிகளுள் ஒன்று எஞ்ச வேண்டுமாயின் 31 அணிகள் தோற்க வேண்டும். ஆகவே போட்டிகள் 31 ஆகும்.

சுற்றுகள்: 32 → 16 → 8 → 4 → 2 → 1. அதாவது 5 சுற்றுகள். வெற்றிக்கிண்ணம் பெறும் அணி ஒரே வாரத்துள் 5 போட்டிகளில் வெல்ல வேண்டியிருந்தது.

அண்மைக் காலத்தில் 64 அணிகள் பங்குபற்றுகின்றன. 16 இடங்களில், இடத்துக்கு 4 அணிகள் வீதம் முதலிரு சுற்றுகள் நடைபெறும். இடமொன்றில் 3 போட்டிகள், மொத்தம் 48. எஞ்சும் 16 அணிகள் கான்சஸ் நகரில் 15 போட்டிகளில் மோதும். 48 + 15 = 63.

நன்மை: குறைந்த நாட்களில், குறைந்த செலவில் முடிக்கலாம்.
குறைபாடு: திறமையான அணியும் ஒரே தோல்வியுடன் வெளியேறும்.

3. சம வாய்ப்பு

அட்டவணை சரியாக இருந்தால் மட்டும் போட்டி நீதியானதாகுமா? கறுப்பின வீரர்கள் பங்குபற்ற முடியாது என்ற விதி இச்சுற்றுப்போட்டியில் இருந்தது. 1947 இல் இந்தியானா மாநிலக் கல்லூரி அணிக்கு அழைப்புக் கிடைத்தது. அவ்வணியில் கிளாரன்ஸ் வோக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். பயிற்றுநர் ஜோன் வுடன் அவ்வழைப்பை ஏற்க மறுத்தார். எதிர்ப்புகள் வலுத்ததால் 1948 இல் விதி நீக்கப்பட்டது, வோக்கர் விளையாடினார். அவ்வணி இறுதிப்போட்டி வரை சென்று லூயிவில் அணியிடம் தோல்வியுற்றது.

1953 இல் கறுப்பின மாணவருக்கெனத் தோன்றிய கல்லூரிகளுக்கும் வாய்ப்புத் திறக்கப்பட்டது. ஜோன் மக்லெண்டன் பயிற்றுவித்த டெனசி ஏ அன்ட் ஐ அணி 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து சம்பியனானது. மக்லெண்டன் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் நெய்ஸ்மித்திடம் கற்றவர். ஆயினும் கறுப்பினத்தவர் என்பதால் அங்கு பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடமிருக்கவில்லை.

சிந்திக்க: 1953 இற்கு முன் சம்பியனான அணிகள், இத்தகைய அணிகளைச் சந்திக்காமலேயே வென்றன அல்லவா?

4. மாதிரி வினா

(அ) 24 அணிகள் பங்குபற்றும் விலகல் முறைச் சுற்றுப்போட்டியில் எத்தனை போட்டிகள்? காரணம் தருக.
(ஆ) சம வாய்ப்பு என்னும் விழுமியத்தை உதாரணத்துடன் விளக்குக.

விடைக்குறிப்பு: (அ) 23. ஒரு போட்டிக்கு ஓர் அணி விலகுவதால், 23 அணிகள் விலக 23 போட்டிகள் தேவை. (ஆ) சம்பவம், ஆண்டு, விழுமியம் ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதுக. “வுடன் நல்லவர்” என்று முடித்துவிடாதீர்கள். தனது அணி வெல்லும் வாய்ப்பை விட ஒரு வீரனின் உரிமையை அவர் பெரிதாக மதித்தார் என்பதே எழுதப்பட வேண்டிய கருத்தாகும்.