ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் வாடகை வீடு எடுக்கிறீர்களா?

வெஸ்டர் ராஸ் பக்கம் சமையலறையோடு வீடு தேடும்போது, விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா பாருங்கள். மளிகையை இன்வர்னஸ் நகரிலேயே வாங்கிவிடுங்கள். கிராமக் கடை சீக்கிரம் மூடிவிடும்.

சாலைதான் பெரிய விஷயம். பல இடங்களில் ஒரே வண்டி போகிற அகலம்தான். எதிரே வண்டி வந்தால் இடப்பக்க ஒதுங்கிடத்தில் நுழையுங்கள். ஒதுங்கிடம் வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே, உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். பின்னால் அவசரமாக வருகிற உள்ளூர்க்காரருக்கும் வழிவிடுங்கள். ஒதுங்கிடத்தில் காரைப் போட்டுவிட்டுப் படம் எடுக்கப் போவது அநியாயம்.

கோடையில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி பிடுங்கி எடுக்கும். காற்று வீசினால் தலைகாட்டாது. காற்றில்லாத மாலையில் ஜன்னலைச் சாத்தி மீன் வறுத்தாலோ வேறு வம்பு: 2022 முதல் வீட்டின் தீ அலாரங்களை ஒன்றோடொன்று இணைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று அலறினால் வீடே அலறும். புகைபோக்கி விசிறியை முதலில் போடுங்கள்.