ஒரட்டோரியோ பாடப் போகிற பிள்ளைகளுக்கு

திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கத்துப் பெண்கள் கல்லூரியில் கோரஸ் பாடுகிற மக்களே, ஒரட்டோரியோ என்றாலே எல்லாரும் ஹாண்டலின் 'மெசையா'வைத்தான் கையில் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் வேறு வழி சொல்வேன்.

1. ஆண்குரல் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். விவால்டியின் 'யூதித்தா ட்ரியம்ஃபன்ஸ்' எடுங்கள். வெனிஸில் பியத்தா என்ற அநாதை இல்லத்துப் பெண்களுக்காகவே 1716இல் எழுதியது. அசீரியத் தளபதி ஓலோஃபெர்னஸ் உட்பட ஐந்து பாத்திரங்களையும் பெண்களே பாடினார்கள். கோரஸில் டெனர், பாஸ் வரிகள் உண்டுதான். டெனரைத் தாழ்ந்த குரல்காரிகள் அப்படியே பாடட்டும். பாஸை ஒரு ஸ்தாயி உயர்த்திக்கொண்டு, அடியில் செல்லோவை நிறுத்துங்கள்.

2. கதையைத் தெரிந்துகொள்ளாமல் வாய் திறக்காதீர்கள். தன் ஊரை முற்றுகையிட்ட தளபதியின் தலையை யூதித்து என்ற விதவை கொய்துவிடுகிறாள். அதே 1716இல் துருக்கியப் படை வெனிஸ் வசமிருந்த கோர்ஃபுத் தீவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. யூதித்து வெனிஸ், தளபதி சுல்தான் என்று அன்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. முதல் கோரஸ் வெறியேறிய போர்வீரர்களுடையது. பஜனை மாதிரிக் குழைந்து பாடினால் எல்லாம் போச்சு.

3. பாட்டுகளுக்கு நடுவே வரும் ரெசிடேடிவ்தான் கதையை நகர்த்துவது. தாளத்தில் அடைக்காமல் பேச்சின் ஓட்டத்தில் பாடுங்கள். வரிகள் லத்தீன். புரியாவிட்டால் வரிவரியாகப் பொருள் எழுதி, முதலில் தமிழிலோ மலையாளத்திலோ சண்டை போட்டுப் பாருங்கள். பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 'குசேலோபாக்கியானம்' எழுதியதே கதாகாலட்சேபத்துக்குத்தான். தஞ்சாவூரிலிருந்து வந்த மேருசுவாமி அவர் சபையில் கதை சொன்னார்.

4. கீபோர்டை மூடிவைத்துவிட்டுத் தம்பூராவோடு பழகுங்கள். தம்பூராவின் மந்தர ஷட்ஜத்தில் தானாக எழும் காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தது. மூன்று குரல் சேரும்போது அந்தக் காந்தாரம்தான் இனிக்கும். பரோக் காலத்து இசை என்றாலே 415 ஹெர்ட்ஸ், அதாவது ஆறு கட்டையை ஐந்தரையாக இறக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். வெனிஸில் அன்றைய சுருதி ஏறத்தாழ இன்றைய 440தான். இறக்காதீர்கள்.

5. கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்குத் தனியாக ஒன்று. தனிப்பாட்டில் முதல் பகுதி திரும்ப வரும்போது உங்கள் கற்பனைக்கு இடம் உண்டு, தாராளமாக அலங்கரியுங்கள். கோரஸில் ஸ்வரத்தை அசைக்காமல் நிறுத்துங்கள். ஒருத்தி கமகம் போட்டாலும் அடுத்தவள் குரல் கலங்கும்.

6. மாண்டலினும் ஷாலுமோவும் தனித்தனிப் பாட்டுகளில் வருகின்றன. ஷாலுமோ என்ற பழைய ஊதுவாத்தியத்துக்குக் கிளாரினெட் போதும். எலக்ட்ரானிக் சத்தத்தை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

7. ரெகார்டிங்கை ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். இடவப்பாதியிலும் துலா மழையிலும் கூரைச் சத்தமும் தவளையும் உங்களைவிட நன்றாகப் பதியும். விடியற்காலை கோயில் மைக், பகலெல்லாம் நாகர்கோவில் சாலையின் ஹார்ன். இரவு பதினொன்றுக்கு மேல்தான் நமக்கு நேரம். ஃபேனை நிறுத்துங்கள், இன்வெர்ட்டர் முனகலையும் கவனியுங்கள். வளையல், கொலுசு, பட்டுப்புடவை மூன்றும் வீட்டில் இருக்கட்டும். கச்சேரிக்கு வேண்டுமானால் பட்டு கட்டுங்கள். ஆளுக்கொரு மைக் வேண்டாம். தள்ளி வைத்த இரண்டு மைக்கே கூடத்தையும் சேர்த்துப் பிடிக்கும். நல்ல கூடமா என்று ஒரு கைதட்டில் தெரிந்துவிடும்.

8. ஒவ்வொரு பாட்டையும் முழுசாகப் பாடி எடுங்கள். இரண்டிரண்டு வரியாக ஒட்டினால் கோபம் ஏறாது. பியத்தா பெண்கள் மாடத்தில் கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்று பாடியவர்கள். கீழே இருந்தவர்களுக்கு முகம் தெரியாது. ரெகார்டிங் கேட்பவரும் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் அங்கே நிற்பதை அவருக்குச் சொல்வது உங்கள் மூச்சுதான். ஆகவே எடிட் செய்கிற பையன் மூச்சொலியை வெட்டலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தாள் புரட்டும் சத்தத்தை மட்டும் வெட்டட்டும்.