நூறு வருஷத்துக்கு ஒரு தடவையா?

"கஜா அடிச்சாச்சு, இனி ஐம்பது வருஷத்துக்கு நம்ம பக்கம் புயல் வராது" என்று டெல்டாவில் சிலர் சொல்வதுண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்த புயல் அது. ஆனால் புயல் முறை வைத்து வருவதில்லை.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 'நூறு வருஷத்துக்கு ஒருமுறை' என்றால், ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. போன வருஷம் வந்திருந்தாலும் இந்த வருஷமும் அதே ஒன்றுதான். தென்னையோ 60 வருஷம் நிற்கிற மரம். அதற்குள் ஒரு தடவையாவது அது வந்துவிட நூற்றுக்கு 45 வாய்ப்பு. கிட்டத்தட்ட பூவா தலையா கதைதான்.

அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட், கரை கட்டினால் மட்டும் போதாது, வெள்ளத்துக்கு ஏற்ப மக்களும் மாறிக்கொள்ள வேண்டும் என்று 1945-லேயே எழுதினார். கரை உயர்ந்ததும் பயம் போய்விடுகிறது. ஆற்றோரமாகவே வீடு கட்டுகிறோம். உடைந்தால் நட்டம் முன்னைவிடப் பெரிசு.

தோப்பிலும் இதேதான். பயம் இருக்கும் ரெண்டு வருஷம் காப்பீடு கட்டுகிறோம். மூணாவது வருஷம் 'வீண் செலவு' என்று விட்டுவிடுகிறோம்.

செய்ய வேண்டியவை:

1. காப்பீட்டை வருஷம் தவறாமல் கட்டுங்க.

2. ஊடுபயிராக மஞ்சள், சேனை மாதிரி மண்ணுக்குள் விளைவதையும் வையுங்க. மரம் சாய்ந்தாலும் கொஞ்சம் வருமானம் மிஞ்சும்.

3. புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய குலைகளையும் அடிமட்டைகளையும் இறக்கி, தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்க.

ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த மூன்றையும் ஒரு தடவை சரிபார்த்துடுங்க.